மழைக்கு முன்னால் கைக்கு வரும் பணம் எது? கோவிட் காலத்து மலேரியா நிதி பற்றி ஒரு ஒப்பீடு

2020 ஏப்ரல். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டின் சுகாதார அமைச்சகத்தில் கணக்குப் பார்க்கும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோவிட் வந்துவிட்டது. ஆக்சிஜன் போதாது, முகக்கவசம் கிடைக்கவில்லை, நிதியமைச்சகத்திலிருந்து தினமும் போன் வருகிறது: "செலவழிக்காமல் உங்களிடம் எவ்வளவு கிடக்கிறது?" ஏட்டைப் புரட்டினால் கண்ணில் படுவது மலேரியா பணம்தான். மழை இன்னும் வரவில்லை, கொசுவலை இன்னும் வந்து இறங்கவில்லை, அதனால் அந்தப் பணமும் அசையாமல் இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிடலாமா? கொடுக்கவில்லை என்றால் கோவிட் செலவை வேறு எங்கிருந்து சமாளிப்பது? கொடுத்துவிட்டால் மலேரியாவுக்கு யார் தருவார்கள்?

பல நாடுகள் அந்த ஆண்டு இந்த இக்கட்டில் மாட்டின. அடுத்த பெருந்தொற்று வரும்போதும் இதே கேள்விதான் வரப்போகிறது என்பதால், அன்று மேசையில் இருந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் மலேரியா பணத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், அது மற்ற சுகாதாரச் செலவு மாதிரி இல்லை. சஹாராவுக்குத் தெற்கே மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், வட நைஜீரியா என்று நீளும் சாஹேல் பகுதியில் வருடத்தின் நடுவில் மழை இறங்கும், ஜூலை முதல் அக்டோபர் வரை காய்ச்சல் கொளுத்தும். அந்த நாலு மாதமும், மூன்று மாதக் குழந்தை முதல் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் மாதம் ஒரு சுற்று, சுற்றுக்கு மூன்று நாள் தடுப்பு மாத்திரை தருவார்கள். ஒரு சுற்று காப்பது ஏறக்குறைய நாலு வாரம். மருந்து பூசிய கொசுவலைக்கு ஆயுள் சுமார் மூன்று வருடம், 2017-ல் கொடுத்த வலையை 2020-ல் மாற்றியாக வேண்டும். வலையோ மாத்திரையோ, ஆர்டர் போட்ட மறுவாரம் கிராமத்துக்கு வந்துவிடாது, மாதக்கணக்கில் ஆகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, கிட்டத்தட்ட அதே கதை. செப்டம்பரில் வரும் பத்துக் கோடியைவிட ஏப்ரலில் கையிலிருக்கும் இரண்டு கோடிக்கு மதிப்பு அதிகம்.

அதனால் ஒவ்வொரு வழியிலும் நான் முதலில் பார்ப்பது பணம் எப்போது கைக்கு வரும் என்பதைத்தான், எவ்வளவு என்பது அப்புறம். நிதி பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் தொகையைத்தான் ஒப்பிடுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, முதல் வழி: மலேரியா பணத்தைக் கோவிட்டுக்குக் கைமாற்றாகக் கொடுப்பது. பார்த்தவுடன் தப்பு என்று சொல்லிவிட முடியாது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் உலகளவில் பணம் தரும் குளோபல் ஃபண்ட் அமைப்பே 2020 தொடக்கத்தில், நடப்பு மானியத்தில் 5 சதவீதம் வரை கோவிட் வேலைக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தது. ஊர் ஊராகப் போகும் மலேரியா பணியாளருக்கு முகக்கவசம் வாங்கினால் அது எந்தக் கணக்கில் எழுதினாலும் ஒன்றுதான். வேகத்திலும் இந்த வழிக்கு ஈடு கிடையாது, பணம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஆனால் கைமாற்று என்றால் திரும்பி வர வேண்டும், அரசாங்கக் கணக்கில் அது அபூர்வம். நிதியாண்டு முடிந்துவிடும், அமைச்சர் மாறிவிடுவார், அடுத்த பட்ஜெட்டில் 'போன வருடம் இந்தத் தொகையே உங்களுக்குத் தேவைப்படவில்லையே' என்ற கேள்வி வரும். அதைவிடப் பெரிய சிக்கல், செலவழிக்காமல் கிடக்கிறது என்று சொன்னோமே, அந்தப் பணம் மிச்சமே இல்லை. அது விதைநெல். குதிரில் சும்மா கிடப்பது போலத் தெரிவதால் எடுத்துச் சமைத்துவிடத் தோன்றும், அவ்வளவுதான்.

என்ன நடக்கும் என்பதற்கு ஊகம்கூட வேண்டியதில்லை. 2014-ல் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் எபோலா பரவியபோது கினியில் மட்டும் மலேரியா என்று சிகிச்சைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை சுமார் 74,000 குறைந்தது. நோய் குறைந்து அல்ல, ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே மக்கள் பயந்தார்கள். மூன்று நாடுகளிலும் அந்த ஓராண்டில் சிகிச்சை தடைப்பட்டதால் மட்டும் கூடுதலாக 10,900 பேர் மலேரியாவில் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எபோலா அந்தத் தொற்றுக்காலம் முழுவதும் சேர்த்துக் கொன்றது 11,000 சொச்சம் பேரை. உகாண்டாவின் வடபகுதியில் பெருந்தொற்று எதுவும் இல்லாமலேயே ஒரு பாடம் கிடைத்தது: வீட்டுச் சுவரில் மருந்தடிக்கும் வேலையை 2014-ல் நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டே அந்த மாவட்டங்களில் மலேரியா சீறி எழுந்தது. 1930-களிலிருந்து உலகெங்கும் மலேரியா மீண்டும் தலைதூக்கிய 75 நிகழ்வுகளை எடுத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, அவற்றில் 68-க்கு ஒரு காரணமாகவாவது தடுப்பு வேலை தளர்ந்ததைக் காட்டுகிறது, தளர்ந்ததற்கு அடிக்கடி சொல்லப்பட்ட காரணம் பணமில்லாமை.

2020 ஏப்ரல் 23 அன்று உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணிப்பும் இதே பயத்தில் வந்ததுதான். வலை விநியோகம் அடியோடு நின்று, மருந்து கிடைப்பது முக்கால்வாசி குறைந்தால், சஹாராவுக்குத் தெற்கே அந்த ஒரே ஆண்டில் 7,69,000 பேர் வரை சாகலாம், அதாவது 2018-ஐப் போல இரு மடங்கு. அது நடக்கவில்லை. நடந்தது என்னவென்றால், உலகளவில் 2019-ஐவிட 69,000 மரணங்கள் கூடின, அதில் 47,000 கோவிட் காலத் தடங்கலால் வந்தவை என்று அந்த நிறுவனமே பின்னர் மதிப்பிட்டது. மலேரியாவில் இறப்பவர்களில் பெரும்பான்மை ஐந்து வயதுக்குட்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படியுங்கள். பேரழிவு தவிர்ந்தது என்று சொல்வது உண்மைதான், ஆனால் சும்மா தவிரவில்லை, பல நாடுகள் அந்த விதைநெல்லில் கை வைக்காமல் இருந்ததால் தவிர்ந்தது.

ஆக முதல் வழிக்கு என் மதிப்பெண்: அந்த 5 சதவீதம் வரை சரி, அதற்கு மேல் கூடாது.

இரண்டாவது வழி, வெளியிலிருந்து புதுப் பணம். குளோபல் ஃபண்ட் 2020 ஏப்ரலில் கோவிட்டுக்கென்று தனி ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. திருப்பிவிட அனுமதித்த பணமும் புதுப் பணமும் சேர்ந்து முதல் தவணையில் சுமார் 100 கோடி டாலர். 2021-ல் அமெரிக்கா மட்டும் 350 கோடி டாலரை இதில் போட்டது. இந்தப் புதுப் பணத்தின் அழகு, ஏற்கெனவே இருக்கும் மலேரியா மானியத்தில் கை வைக்காமல் மேலே வந்து சேர்வதுதான்.

தேதியைக் கவனியுங்கள். பெரிய தொகை வந்தது 2021-ல். 2020-ன் மழை அதற்குள் வந்து போய்விட்டது. நடுவில் விண்ணப்பம், பரிசீலனை, கொள்முதல் என்று படிகள் வேறு, அதுவும் எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் ஒரே கவசத்துக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது. இன்னொன்று, கொடுக்கிறவர் வீட்டிலும் தீப்பிடித்திருக்கிறது. பிரிட்டன் 2020 நவம்பரில் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5-ஆகக் குறைப்பதாக அறிவித்தது. 2020-ல் மலேரியாவுக்கு உலகம் முழுக்கச் செலவானது ஏறக்குறைய 330 கோடி டாலர், தேவை என்று கணக்கிட்டது 680 கோடி. அந்தப் பாதிப் பணத்திலும் பத்துக்கு நாலு டாலர் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரே தூணில் கூரை நிற்பது எவ்வளவு ஆபத்து என்பது 2025 ஜனவரியில், அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தி வைத்தபோது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பெருந்தொற்றுகூடத் தேவைப்படவில்லை.

அப்படியானால் இந்தப் பணம் வேண்டாமா? வேண்டும், ஆனால் எதற்குக் கேட்கிறோம் என்பதில்தான் சாமர்த்தியம். பெனின் நாட்டைப் பாருங்கள். ஊரடங்குக் கெடுபிடியின் நடுவே, 2020-ல் கொசுவலை விநியோகத்தைத் தள்ளிப்போடாமல் முதலில் நடத்திக் காட்டிய நாடுகளில் அது ஒன்று. மக்களை மைதானத்துக்கு அழைத்து வரிசையில் நிறுத்துவதற்குப் பதில் வீடு வீடாகப் போனார்கள், பெயர்ப் பதிவைப் பேரேட்டிலிருந்து மொபைல் போனுக்கு மாற்றியிருந்ததும் கைகொடுத்தது. வலை ஏற்கெனவே வாங்கி வைத்தது. புதிதாகத் தேவைப்பட்டது கூடுதல் ஆள், கூடுதல் வண்டி நாள், முகக்கவசம், சானிட்டைசர். இந்தக் கூடுதல் செலவுக்குத்தான் அவசர நிதி கச்சிதமாகப் பொருந்தும். தொகை சிறியது, கேட்பதற்கு நியாயம் தெளிவானது, ஒருவேளை தாமதமானாலும் அடிப்படைப் பொருள் கையில் இருக்கும். சாஹேலிலும் இதே மாதிரிதான், தடுப்பு மாத்திரை வேலை நிற்கவில்லை. 2019-ல் இரண்டு கோடிச் சொச்சம் குழந்தைகளுக்குப் போன மாத்திரை 2020-ல் 13 நாடுகளில் 3.3 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போனது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் இது கூடியிருக்கிறது என்பதை முதலில் படித்தபோது நானே இரண்டு முறை சரிபார்த்தேன்.

மூன்றாவது, சொந்த பட்ஜெட். மனசுக்குப் பிடித்த வழி இது, ஒளிக்க வேண்டாம். அடுத்தவன் கஜானாவை நம்பி எத்தனை காலம் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001-ல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி சொன்னார்கள், இருபது வருடம் கழித்தும் அதை எட்டிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் மலேரியாவுக்கு ஆகும் மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நோயுள்ள நாடுகளே போடுகின்றன, அது சின்ன விஷயமில்லை.

சிக்கல் என்னவென்றால் பெருந்தொற்று வரும் அதே வருடத்தில் வருமானமும் விழும். உலக மலேரியா நோயாளிகளில் நாலில் ஒருவர் நைஜீரியாக்காரர். அந்த நாடு 2020 பட்ஜெட்டை பீப்பாய்க்கு 57 டாலர் என்று எண்ணெய் விலையை வைத்துப் போட்டது, பிறகு 30 டாலருக்கும் கீழே வைத்துத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ஜாம்பியா அந்த நவம்பரில் வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்கு வட்டி கட்ட முடியாமல் கைவிரித்தது. இந்த நிலையில் 'மலேரியாவுக்கு எங்கள் பங்கைக் கூட்டுங்கள்' என்று நிதியமைச்சரிடம் போய் நிற்பதற்கு நல்ல தைரியம் வேண்டும்.

தனி வரி போட்டு ஒதுக்கிவிட்டால்? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மருந்து வாங்க உதவும் யூனிடெய்ட் அமைப்பு 2006-ல் தொடங்கியபோது அதன் புகழ்பெற்ற யோசனை விமான டிக்கெட்டில் சிறு வரி. நல்ல காலத்தில் யாருக்கும் வலிக்காத வரி. 2020-ல் விமானமே பறக்கவில்லை. நோய் வந்தால் முதலில் படுத்துவிடும் தொழிலின் மேல், நோய்க்கான நிதியைக் கட்டி வைக்கக் கூடாது. மொபைல் ரீசார்ஜ், மதுபானம் இவற்றின் மேல் போடும் வரி ஊரடங்கிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பது என் எண்ணம், ஆனால் மதுக்கடையைப் பூட்டிய நாடுகளும் உண்டு என்பதால் பந்தயம் கட்ட மாட்டேன்.

இன்னொரு விஷயம், ஒதுக்கீடு வேறு, விடுவிப்பு வேறு. பட்ஜெட் புத்தகத்தில் அச்சான எண் கொசுவைக் கொல்லாது. எனவே சொந்தப் பணத்தை, மாதாமாதம் நிற்காமல் போக வேண்டிய செலவுக்கு வைத்துக்கொள்வதுதான் புத்தி: கிராம சுகாதாரப் பணியாளரின் படி, குளிர்சாதன வண்டிக்கு டீசல், ஆய்வகப் பொருள். தொகை சிறிது, ஆனால் இது நின்றால் மற்ற எல்லாமும் நின்றுவிடும்.

கடனைச் சுகாதாரமாக மாற்றும் வழி நாலாவது. ஜி-20 நாடுகள் 2020 மே முதல் 2021 கடைசி வரை ஏழை நாடுகளின் கடன் தவணையைத் தள்ளிவைத்தன, 48 நாடுகள் பயன்பெற்றன, தள்ளிப்போன தொகை சுமார் 1,290 கோடி டாலர். வேகமாக வந்த மூச்சுவிடும் இடம் அது, ஆனால் தள்ளுபடி இல்லை, அதில் மலேரியாவுக்கு என்று எந்த முத்திரையும் இல்லை. முத்திரையோடு வருவது குளோபல் ஃபண்டின் கடன் மாற்றுத் திட்டம்: கடன் கொடுத்த நாடு ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும், வாங்கிய நாடு அதில் ஒரு பங்கை நோய்த் தடுப்பில் போடும். ஜெர்மனியும் இந்தோனேசியாவும் 2007-ல் தொடங்கி வைத்தன. ஜெர்மனிக்கு எகிப்து தர வேண்டிய கடனில் ஒரு பகுதி, சுற்றி வளைத்து எத்தியோப்பியாவின் மலேரியா வேலைக்குப் போய்ச் சேர்ந்த கதைகூட உண்டு. அருமையான யோசனை, ஆனால் வக்கீல்களும் இரண்டு நிதியமைச்சகங்களும் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் எத்தனை மழை போயிருக்கும்! இது அமைதிக் காலத்தில் செய்து வைக்க வேண்டிய வேலை.

மக்களே வலை வாங்கிக்கொள்ளட்டும் என்ற யோசனையும் நெருக்கடியில் எட்டிப் பார்க்கும். ஒரே வரியில் முடித்துவிடலாம்: கென்யாவில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுத்த வலைக்கு வெறும் 60 சென்ட் விலை வைத்துப் பார்த்த சோதனையில், வாங்கியவர்கள் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. வேலை போன ஊரடங்கில் கேட்கவே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்ததைக் கடைசிக்கு வைத்தேன். இரண்டு நோய்க்கும் ஒரே அறிகுறி, காய்ச்சல். கோவிட்டுக்கு 'காய்ச்சலா, வீட்டிலேயே இரு' என்றார்கள். மலேரியாவுக்குப் பல வருடமாகச் சொல்லிவந்தது 'காய்ச்சலா, 24 மணி நேரத்துக்குள் வந்து பரிசோதனை செய்துகொள்'. ஒரே ரேடியோவில் இரண்டும் ஒலித்தால் அம்மா எதைக் கேட்பாள்? ஃபால்சிபாரம் வகை மலேரியா ஒரு நாள் தாமதித்தால்கூடக் குழந்தையின் மூளை வரை போய்விடலாம். ஆகவே காய்ச்சலோடு வருகிறவருக்கு இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே பணியாளர், ஒரே கவசத்தோடு பார்க்கும் ஏற்பாட்டுக்கு கோவிட் நிதியிலிருந்தே பணம் கேட்கலாம். அது ஏமாற்றும் இல்லை, மலேரியா என்று உறுதியானவரைப் பிரித்துவிட்டால் கோவிட் சந்தேகப் பட்டியல் சுருங்கும். சியரா லியோனில் எபோலா உச்சத்தில் இருந்த 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும், சுமார் 25 லட்சம் பேரை இலக்காக வைத்து வீடு வீடாக மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல்காரர்கள் குறைந்தால் எபோலாக்காரரைத் தேடுவது சுலபம் என்பதும் அதற்கு ஒரு காரணம். அங்கே மலேரியாச் செலவே பெருந்தொற்றுச் செலவாகவும் இருந்தது.

இதிலும் கசப்பு உண்டு. பரிசோதனைக் கிட் செய்யும் கம்பெனிகள் லாபம் கூடுதலான கோவிட் கிட்டுக்குத் தாவின, அரை டாலருக்கும் குறைவான மலேரியா கிட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. பணம் இருந்தும் பொருள் இல்லாத நிலை. அதற்கு முன்கூட்டியே ஆர்டர் போட்டு வைப்பது ஒன்றுதான் மருந்து.

சரி, அந்த நாற்காலிக்குத் திரும்புவோம். நான் உட்கார்ந்திருந்தால் நிதியமைச்சகத்துக்கு இப்படித்தான் எழுதியிருப்பேன்: வலை, தடுப்பு மாத்திரை, சிகிச்சை மாத்திரை, கிட் இந்த நாலுக்கான மானியத்தைத் தொட வேண்டாம். பயிற்சி முகாம், கருத்தரங்கு, வெளிநாட்டுப் பயணம் என்று ஊரடங்கால் தானாக நின்றுபோனதை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவே அந்த 5 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட வரும் என்று நினைக்கிறேன். வீடு வீடாகப் போகும் கூடுதல் செலவையும் காய்ச்சல் பரிசோதனையையும் கோவிட் நிதி விண்ணப்பத்தில் முதல் பக்கத்திலேயே எழுதுவோம். பணியாளர் படியை மட்டும் நம் பட்ஜெட்டிலிருந்து, காலாண்டின் முதல் வாரத்தில் விடுவித்துவிடுங்கள். கடன் பேச்சுவார்த்தையை நிதானமாக நடத்துங்கள், இந்த வருடத்துக்கு அதை எண்ணவில்லை.

ஒரே ஒரு மாதிரி நாட்டில் என் வரிசை தலைகீழாகும், மலேரியா ஏறக்குறைய ஒழிந்துவிட்ட நாட்டில். அங்கே வெளிநாட்டு நிதி தானாகவே வடிந்துவிடும், நோயாளியே இல்லாத இடத்துக்கு யார் தருவார்கள்? சொந்த பட்ஜெட்தான் முதல் வரிசைக்கு வர வேண்டும், பெருந்தொற்று வந்தாலும் கண்காணிப்பு ஆட்களை வேறு வேலைக்கு மாற்றக் கூடாது. இலங்கையில் 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூர் மலேரியா இல்லை, 2016-ல் ஒழிந்ததாகச் சான்றிதழும் வந்தது. அதற்குப் பிறகும் அங்கே மலேரியா ஒழிப்பு இயக்கத்தைக் கலைக்கவில்லை, கலைக்காததற்குக் காரணம் பழைய அனுபவம்: 1963-ல் தீவு முழுவதற்கும் 17 நோயாளிகள்தான், மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், 1969-ல் எண்ணிக்கை 5,37,000.